கிளச்சுறையில் ஆடும் ஆணி

பழைய மோட்டார் வண்டியொன்றின் அடியிற் படுத்து மேல்நோக்குவார்க்கு முதலிற் கண்ணிற்படுவது எண்ணெயும் புழுதியும் கலந்து உறைந்த கரிய படலமேயாம். அதனைத் துடைத்த பின்னரே உறுப்புகள் ஒவ்வொன்றாய்த் தெரியவரும். மொரிஸ் மைனர் வண்டியில் அவ்வாறு துடைத்துப் பார்ப்பவர், எஞ்சினும் கியர்ப் பெட்டியும் கூடும் இடத்தில், உறையின் மிகத் தாழ்ந்த பகுதியிலுள்ள சிறு துளையொன்றில் ஓர் ஆணி தொங்குவதைக் காண்பர். விரலால் தொட்டால் அது மேலும் கீழும் அசையும், பக்கவாட்டிலும் ஆடும். எதனையும் அது பிணைத்து நிற்பதாகத் தோன்றாது, ஆயினும் விழுவதுமில்லை. எங்கிருந்தோ கழன்ற உறுப்பு இங்கே சிக்கிக்கொண்டதோ, முன்பு பழுதுபார்த்தவர் இறுக்க மறந்துவிட்டாரோ என்ற ஐயம் அப்பொழுது எழுதல் இயல்பே. சிலர் அவ்வாணியைப் பயனற்றதெனப் பிடுங்கி எறிவர். வேறு சிலர் அத்துளையில் ஒரு போல்ற்றை முறுக்கி அடைத்து, எண்ணெய் ஒழுக்கை நிறுத்திவிட்டோம் என்று மகிழ்வர். இரண்டும் தீங்கே, பின்னையது பெருந்தீங்கு.

மொரிஸ் மைனர் அலெக் இசிகோனிஸ் என்பவரால் வகுக்கப்பட்டு, 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. 1971 வரை உற்பத்தி செய்யப்பட்டு, பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 1952 முதல் அதற்குப் பொருத்தப்பட்டது ஒஸ்ரின் நிறுவனத்தின் ‘ஏ’ வரிசை எஞ்சின். முதலில் 803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும், 1956 இல் 948 உம், 1962 இல் 1098 உமாக அது வளர்ந்தது. இலங்கையில் இவ்வண்டிகளும் இவற்றின் உறவான ஒஸ்ரின் வண்டிகளும் இன்றும் தெருவில் ஓடுகின்றன. ஆகவே ஈண்டு ஆராயும் பொருள் காட்சிச்சாலைக்குரியது அன்று.

முதலில் அவ்வாணி யாதென அறிதல் வேண்டும். ஒரு கம்பியை நடுவே மடித்து, மடிந்த முனையிற் கண்போன்ற வளையமும் மறுமுனையில் இரு கால்களும் அமையச் செய்த உறுப்பு அது. கராஜ்களில் இதனை ‘ஸ்பிளிற் பின்’ என்பர்; தமிழிற் பிளவாணி எனலாம். சில்லின் அச்சிலும் ஸ்ரியறிங் மூட்டுகளிலும் நட் கழன்றுவிடாதபடி காப்பது இதுவே. ஆங்கெல்லாம் அது இறுகியிருத்தல் வேண்டும், ஆடுமாயின் ஆபத்து. இவ்வழக்கத்தை மனத்திற் கொண்டு பார்ப்பதனாலேயே கிளச்சுறையின் பிளவாணி நம்மை மயக்குகிறது. அதன் இரு கால்களும் விரித்து வளைக்கப்பட்டிருப்பதைக் கவனித்தால் மயக்கம் பாதி நீங்கும். தற்செயலாகச் சிக்கிய ஆணிக்குக் கால் விரிந்திராது. ஒருவர் அதனைத் துளையிற் செலுத்தி, விழாதபடி கால்களை விரித்து, அதேவேளை ஆடுவதற்கு இடமும் விட்டிருக்கிறார். அருகே அது காக்கவேண்டிய நட்டோ தண்டோ யாதும் இல்லை. அவ்வின வண்டி இன்னொன்றைப் பார்த்தாலும் அதே இடத்தில் அதே ஆணி ஆடிக்கொண்டிருக்கும். எனவே அது கழன்ற உறுப்பன்று. ஆடுவதற்கென்றே அமைக்கப்பட்ட உறுப்பு.

ஆடுவதாற் பயன் யாது? இதனை உணர உறையின் உள்ளே நிகழ்வதை அறிதல் வேண்டும். எஞ்சினின் கிராங்குத் தண்டு பின்புறமாக வெளிவந்து, ‘பிளைவீல்’ எனப்படும் பாரச் சில்லைத் தாங்கி நிற்கிறது. அச்சில்லின் முகத்திலேயே கிளச்சுத் தட்டு அழுந்துகிறது. தண்டு வெளிவரும் துவாரத்தில் எஞ்சின் எண்ணெய் கசியாதபடி தடுத்தல் வேண்டும். இக்கால வண்டிகளில் இறப்பர் உதடுடைய ‘ஒயில் சீல்’ அவ்வேலையைச் செய்கிறது. மைனரின் எஞ்சினிலோ அவ்விடத்தில் சீல் இல்லை. தண்டின் மேல் திருகாணியின் புரிபோல ஒரு சுருள் வெட்டப்பட்டுள்ளது. அது சுற்றியுள்ள உலோகத்தைத் தொடாமல், மயிரிழை இடைவெளியிற் சுழல்கிறது. தண்டு சுழலும்போது வெளிவர முயலும் எண்ணெயைப் புரி மீண்டும் உள்ளே தள்ளிவிடும். உராய்வு இல்லை, தேய்வும் மிகக் குறைவு. நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனால் சுழலும்வரையே அது காவல். எஞ்சின் நின்றதும் அங்கே எஞ்சிய எண்ணெய் மெல்ல வழிந்து உறைக்குள் இறங்கும். பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்த எஞ்சினிலோ எரிவாயு கீழே புகுந்து அமுக்கத்தை உயர்த்துவதால், ஓடும்போதும் எண்ணெய் வெளியே தள்ளப்படும். ஆகவே துளி கசிவது இவ்வெஞ்சினுக்கு இயற்கை என்றே கொள்ளல் வேண்டும். அதனை வகுத்தோர்க்கும் இது தெரியும். தெரிந்தே, இறங்கிய எண்ணெய் வெளியேற உறையின் அடியில் ஒரு துளை வைத்தனர்.

துளை மட்டும் போதாது. கிளச்சுத் தட்டின் உராய்வுப் பட்டையிலிருந்து தூள் உதிரும். மைனரில் கிளச்சை விடுவிக்கும் வளையம் கரியாலானது. அதுவும் தேய்ந்து தூளாகும். இத்தூள்கள் எண்ணெயிற் குழைந்து களியாகும். வெளியிலிருந்து தெருப்புழுதியும் வந்து சேரும். நாள் செல்லத் துளை அடைபடும். துளையைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். அப்பொழுது மழைநீரும் சேறும் மேலே தெறித்துக் கிளச்சை அடையும். எண்ணெய் இறங்கவும் வேண்டும், சேறு ஏறவும் கூடாது. இவ்விரண்டினையும் ஒருங்கே நிறைவேற்றுவது அச்சிறு பிளவாணி. துளையின் பெரும்பகுதியை அது நிரப்பி நிற்பதாற் சேறு நுழைய இடம் குறைவு. எஞ்சினின் அதிர்வாலும் தெருவின் மேடுபள்ளத்தாலும் ஓயாது குதித்து, களி இறுகவிடாமல் உடைத்துக்கொண்டேயிருக்கும். துளி அதன் கால்வழியே வழிந்து நிலத்தில் விழும். ஒரு சதப் பெறுமதியும் இல்லாத கம்பித்துண்டு, வண்டி ஓடுந்தோறும் தானே துளையைத் துப்புரவு செய்கிறது. பெரிய உறுப்புகளை வியந்து பேசும் நூல்கள் இதனை ஒரு வரியேனும் பாராட்டாமை வியப்பே.

துளை அடைபட்டால் நேர்வது யாது? எண்ணெய் உறையின் அடியில் தேங்கும்; தேங்கியதைப் பாரச் சில்லு வாரி எறியும்; கிளச்சின் பட்டை எண்ணெயில் ஊறும். அதன்பின் ஏற்றத்தில் எஞ்சின் இரைந்து விரையும், வண்டியோ விரையாது. எரிந்த நாற்றமும் எழும். ஊறிய பட்டையைக் கழுவிப் பயன்படுத்துதல் அரிது. புதிய தட்டு இடுவதற்கு எஞ்சினையோ கியர்ப் பெட்டியையோ இறக்கியே ஆகவேண்டும். பிடுங்கி எறிந்த ஆணியின் விலை அப்பொழுதுதான் தெரியும்.

நம் நாட்டிற்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே கூறல் தகும். 1990 களிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாகவே, இப்பழைய ஒஸ்ரின், மொரிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலாற் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதாகையால், எரியாத பகுதி உருளைச் சுவர்வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெயைச் சுருட்புரி தடுப்பது கடினம். அத்தகைய வண்டிகளில் அடித்துளை திறந்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வுபாயம் மைனருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1928 முதல் 1931 வரையான போர்ட் ‘ஏ’ மாதிரி வண்டியின் பாரச்சில்லு உறையிலும் இவ்வாறே ஒரு பிளவாணி தொங்கும். பழைய லாண்ட் றோவர் வண்டியில் வேறோர் ஏற்பாடு: ஆறு கடக்கும்போது மட்டும் அத்துளைக்கு ஒரு மூடியை முறுக்கி, கரையேறியதும் கழற்றிவிடல் வேண்டும். கழற்ற மறந்தவனுடைய கிளச்சு எண்ணெயில் நனையும். மனிதனின் நினைவை நம்பிய அம்மூடியிலும், எவர் நினைவையும் நம்பாத ஆணியே மேலானதெனத் தோன்றுகிறது. ஆற்றில் இறங்காத வண்டிக்கேனும் அது பொருந்தும்.

ஆணியின் நுனியில் துளி காண்பது குற்றமன்று; அதன் அளவையும் நிறத்தையும் நோக்கல் வேண்டும். இரவில் வண்டியின் கீழே ஒரு மட்டையை விரித்துவைத்தால் அளவு தெரியும். ஓரிரு துளிகள் எனில் அஞ்சவேண்டியதில்லை. குட்டையாகத் தேங்கினால் உள்ளே ஆராய்தல் வேண்டும். மைனரின் கியர்ப் பெட்டிக்கும் எஞ்சின் எண்ணெயே இடப்படுவதால், மணத்தைக்கொண்டு வேறுபடுத்த முடியாது. எஞ்சினில் உழைத்த எண்ணெய் புகைக்கரியாற் கறுத்திருக்கும். கியர்ப் பெட்டியிலிருந்து வருவது பெரும்பாலும் வெளிறியிருக்கும். ஒழுக்கு நடுவில் இன்றிச் சாரதியின் காலடிப் பக்கமாகக் காணப்படுமாயின், தளத்தின் கீழுள்ள பிரேக் சிலிண்டரை உடனே பார்த்தல் வேண்டும். அது உயிரோடு விளையாடும் ஒழுக்கு.

ஆடும் உறுப்பெல்லாம் ஆடவேண்டியவை என இதனாற் கொள்ளற்க. கியர் மாற்றும் தண்டுகளை உரிய நிலையில் நிறுத்தும் சிறு குண்டும் சுருள்வில்லும் பெட்டியைத் திறக்கும்போது துள்ளி விழுவதுண்டு. அவற்றைத் தேடி எடுத்து உரிய இடத்தில் இடாவிடின் கியர் நிலைகொள்ளாது. வடித்த எண்ணெயில் ஊசிபோன்ற உருக்கு உருளைகள் காணப்படின், உள்ளே ஒரு தாங்கி சிதைந்துவிட்டது என்பது பொருள்.

ஆணி இல்லாத வண்டிக்குப் புதியதை இடுதல் எளிது. முதலில் ஒரு கம்பியாற் குத்தித் துளையிலுள்ள களியை முற்றாக அகற்றுக. தேங்கியிருந்த எண்ணெய் அப்பொழுது ஒழுகக்கூடும், முகத்தை விலக்கிக்கொள்க. துளையிலும் சற்று மெல்லிய பிளவாணியைக் கீழிருந்து செலுத்துவது இயலாது, உள்ளே கால்களை விரிக்கக் கை புகாதாகையால். கியர்ப் பெட்டி இறங்கியிருக்கும் வேளையிலே மேலிருந்து இட்டு, கண் உள்ளேயும் கால்கள் வெளியேயும் நிற்க, கீழ்ப்புறத்தில் விரித்தலே முறை. விரித்த பின் விரலால் ஒருமுறை தட்டிப் பார்க்க. தடையின்றிக் குதித்தாற் சரி. அசையாது நின்றால் கால்களை மீண்டும் சிறிது நெகிழ்த்துக.