பாய்கிறவர் யார், பின்வாங்குகிறவர் யார்?



ஞாயிறு மாலைகளில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் பிள்ளைகள் அமெரிக்க உதைபந்தாட்டம் பார்க்கிறார்கள். பெற்றோருக்கு அது தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் இடித்து விழுத்தும் விளையாட்டாகவே தெரிகிறது. சில பிள்ளைகள் கழகத்தில் சேரவும் கேட்கிறார்கள். ஓம் என்பதும் இல்லை என்பதும் பெற்றோரின் முடிவு. ஆனால் விளங்கிக்கொண்டு முடிவெடுப்பது நல்லது. ஆகவே இம்மாதம் இந்த ஆட்டத்தில் மூளைக்கு அதிக வேலை கொடுக்கும் பகுதியாகிய தற்காப்பைப் பற்றிப் பார்ப்போம்.

பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார், அதாவது ஏறக்குறைய 9 மீற்றர் முன்னேறவேண்டும். பந்தை எறிபவர் குவாட்டர்பாக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல் நிற்பார்கள். மிகுதி ஐந்து பேர் பந்தைப் பிடிக்க ஓடலாம். தற்காப்பு அணி வழக்கமாக நான்கு பேரைக் குவாட்டர்பாக்கை நோக்கி அனுப்பும். மற்ற ஏழு பேரும் அந்த ஐந்து பேரைக் காவல் காப்பார்கள்.

காவலில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆளுக்கு ஆள்: உனக்குரியவர் எங்கே ஓடினாலும் நீ பின்னால் போகவேண்டும். மற்றது இடக்காவல். நமது கிளித்தட்டை நினைத்துப் பாருங்கள். மறிப்பவர் தன் கோட்டைத்தான் காப்பார், யார் வந்தாலும் அவர் பொறுப்பு. இடக்காவலும் அப்படித்தான், கோட்டுக்குப் பதிலாக ஒரு பரப்பு.

இனி 'பிளிட்ஸ்'. ஜேர்மன் மொழியில் மின்னல் என்று பொருள். நான்குக்கு மேலாக ஐந்து அல்லது ஆறு பேரைப் பாயவிடுவதே அது. எறிபவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டரை, மூன்று வினாடி. அதையும் குறைத்துவிட்டால் அவர் தடுமாறுவார். ஆனால் கணக்கேட்டில் ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுதத்தானே வேண்டும்? ஆறு பேரை அனுப்பினால் காவலுக்கு மிஞ்சுவது ஐந்து பேர். ஒருவர் சறுக்கினாலும் உதவிக்கு ஆளில்லை. நல்ல குவாட்டர்பாக், பாய்ந்தவர் விட்டுவந்த வெற்றிடத்துக்கே பந்தை எறிந்துவிடுவார்.

இந்தச் சிக்கலுக்கு வழி தேடியவர்களில் முக்கியமானவர் டிக் லெபோ. 1980களில் சின்சினாற்றி அணியின் தற்காப்புப் பயிற்றுநராக இருந்தவர். அக்காலத்தில் குறுகிய, விரைவான எறிதல்கள் பெருகியிருந்தன. 1970களில் மயாமி அணியின் தற்காப்பை நடத்திய பில் ஆன்ஸ்பாகரிடம் அவர் யோசனை கேட்டார். பிறந்தது 'சோன் பிளிட்ஸ்', அதாவது இடக்காவலோடு சேர்ந்த பாய்ச்சல். இதன் சூட்சுமம் எளிது. எதிர்பாராத ஒருவர் பாய்வார். முன்னணியில் நின்ற பெரிய உடம்புக்காரர் ஒருவர் பாய்வதுபோல் காட்டிவிட்டுப் பின்வாங்கி அந்த வெற்றிடத்தில் நிற்பார். பாய்கிறவர் தொகை பெரும்பாலும் கூடாது, யார் என்பதே மாறும். எறிபவர் வெற்றிடம் என்று நினைத்த இடத்தில் ஓர் ஆள் நிற்பார்.

இதன் பெறுமதியை 2009 பெப்ரவரி 1ஆம் திகதி நடந்த 43ஆவது சுப்பர் போலில் உலகம் கண்டது. லெபோ அப்போது பிற்ஸ்பேர்க் ஸ்ரீலேர்ஸ் அணியின் தற்காப்புப் பயிற்றுநர். முதற்பாதி முடிய 18 வினாடி. பிற்ஸ்பேர்க் 10-7 என முன்னணியில். எதிரணியான அரிசோனா கார்டினல்ஸ் எல்லைக்கோட்டிலிருந்து ஒரே ஒரு யார் தூரத்தில். ஜேம்ஸ் ஹரிசன் பாயவேண்டியவர். பந்து உடனே எறியப்படும் என்று கணித்து, ஓரடி முன்வைத்துவிட்டுப் பின்வாங்கினார். கேர்ட் வோர்னர் எறிந்த பந்து நேரே அவர் கையில் விழுந்தது. 100 யார் ஓடிப் புள்ளி எடுத்தார். பின்னடைய வேண்டிய பிற்ஸ்பேர்க் 17-7 என இடைவேளைக்குப் போனது. இறுதி முடிவு 27-23. திட்டம் பயிற்றுநருடையது என்றாலும், அந்த ஓரடி ஹரிசனின் சொந்தப் புத்தி.

பின்னர் இந்த ஏமாற்று வித்தை இன்னும் வளர்ந்தது. 2023இல் மினசோட்டா வைக்கிங்ஸ் தற்காப்பைப் பொறுப்பேற்ற பிரையன் புளோரஸ், ஆறேழு பேரை முன்வரிசையில் நிறுத்துவார். சிலவேளை அத்தனை பேரும் பாய்வார்கள். சிலவேளை மூன்றே பேர் பாய, எட்டுப் பேர் பின்வாங்கிக் காவலுக்குப் போய்விடுவார்கள். பந்து அசையும்வரை எது நடக்கும் என்று எதிரணிக்குத் தெரியாது.

இதை எதிர்த்துப் படிக்கவேண்டியவர் குவாட்டர்பாக் மட்டுமல்ல. பந்தைப் பின்னால் கொடுக்கும் நடு ஆட்டக்காரர், யார் பாயக்கூடும் என்று கணித்துப் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சொல்லவேண்டும். 2023இல் அரிசோனா கார்டினல்ஸ் அணியில் இந்த இடத்துக்கு வந்தவர் ஒரு டெனிஷ்காரர், ஸ்வென்போர்க்கில் பிறந்த யால்ட்டே ஃபுரோஹோல்ட். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தற்காப்பு வரிசையில் தொடங்கித் தாக்கும் வரிசைக்கு மாற்றப்பட்டவர். 2019இல் நியூ இங்கிலண்ட் அணி அவரைத் தெரிவுசெய்தது. அவருக்கு முன்னரே, மேற்கு யூலன்ட்டின் ஸ்ட்ரூயரில் வளர்ந்த மோர்ட்டன் அண்டர்சன் பந்து உதைப்பவராகப் பெயர்பெற்று, 2017இல் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். இங்கிருந்து அங்கே போகமுடியாது என்று பிள்ளையிடம் சொல்வது சரியாக இருக்காது.

ஆனாலும் பெற்றோரின் பயம் வீண்பயம் அல்ல. தலையில் திரும்பத்திரும்ப விழும் அடிகள் மூளையைப் பாதிக்கின்றன. தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. இதற்கு ஒரு நடுவழி உண்டு. 'பிளாக்' வகை ஆட்டத்தில் இடித்து விழுத்துவதில்லை, இடுப்பில் தொங்கும் பட்டியை இழுத்தால் ஆட்டம் நிற்கும். பக்கத்துக்கு ஐந்து பேர். பாய்கிறவர் 7 யார் தள்ளியிருந்தே புறப்படவேண்டும். டென்மார்க்கிலும் விளையாடுகிறார்கள். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவுக்கும் இது சேர்க்கப்பட்டுள்ளது. கணிப்பு, ஏமாற்று, காவல் எல்லாம் இதிலும் உண்டு.

அடுத்த முறை பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பந்து அசையுமுன் "யார் பாய்வார், யார் பின்வாங்குவார்?" என்று கேளுங்கள். பிள்ளை விளக்கத் தொடங்கும். கிளித்தட்டைப் பற்றி நீங்களும் சொல்லிக்கொடுக்கலாம். கழகம் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.