"தொழில்" என்னும் கட்டம்

பங்கின் குடும்பப் பதிவேட்டில் பெயர், வயது, திருமுழுக்கு நாள் ஆகியவற்றை அடுத்துத் "தொழில்" என்றொரு கட்டம் உண்டு. குருப்பட்டம் பெற்ற நாள்முதல் வீடு வீடாகச் சென்று அதனை நிரப்பி வருகிறேன். கணவரின் பெயருக்கு நேரே "ஆசிரியர்" என்றோ "ஆலைத் தொழிலாளி" என்றோ எழுதுவேன். மனைவியின் பெயருக்கு நேரே என் பேனா ஒரு கோடு இழுத்துவிடும். அவ்வம்மையார் அவ்வேளையில் அடுப்படியில் எனக்காகக் காப்பி கலந்துகொண்டிருப்பார்!

கோடு இழுத்தவன் நான் மட்டுமல்லன். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டுப் பணி மட்டுமே செய்யும் பெண்கள் பிச்சையெடுப்போர், சிறைக்கைதிகள் ஆகியோருடன் "வேலை செய்யாதோர்" வரிசையில் வைக்கப்பட்டனர். 2010இல் விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதனைக் கண்டித்தது. 2019இல் நடுவண் அரசு எடுத்த நேரக் கணக்கின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார். ஈடுபடும் ஆணோ 97 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேர உழைப்பிற்கு ஒரு கோடு!

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றித் தாம் எழுதிய சுற்றுமடலை 1981 மே 15இல் வெளியிட எண்ணியிருந்தார். இரண்டு நாள் முன்னர் துப்பாக்கிக் குண்டு அவரைச் சாய்த்தது. மருத்துவமனையினின்று மீண்ட பின்னர், செப்டம்பர் 14இல் அது வெளிவந்தது. தாயின் உழைப்பைச் சமுதாயம் புதிதாக மதிப்பிட வேண்டும் என்று அதில் அவர் கேட்கிறார். தமிழக அரசு 2023 செப்டம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு "உரிமைத் தொகை" என்று பெயரிட்டது. தொகையினும் அப்பெயரே எனக்குப் பெரிதாகத் தோன்றிற்று.

வேலை கிட்டாத இளைஞனையும் இக்கட்டம் விடுவதில்லை. "என்ன செய்கிறாய் தம்பி?" என்னும் கேள்விக்கு அஞ்சியே திருமண வீடுகளுக்கு வராதவர்களை அறிவேன்.

ஓய்வு பெற்றோர் நிலை வேறு. தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 58லிருந்து 59 ஆகவும், மறு ஆண்டு 60 ஆகவும் உயர்ந்தது. எத்தனை உயர்த்தினாலும் அந்த மறுநாட்காலை வரத்தானே செய்யும்! என் பங்கில் ஒருவர் பழைய நேரம் தவறாது பேருந்து நிறுத்தம்வரை சென்று திரும்புகிறார். "அவருக்கு ஓய்வு சாமி, எனக்கு மதியச் சமையல் ஒன்று கூடிற்று" என்றார் மனைவியார். குருக்களாகிய நாங்களும் 75 வயதில் பங்குப் பொறுப்பினின்று விலக மனு அளிக்க வேண்டியவர்களே. அன்று என் கட்டத்தில் என்ன எழுதுவார்களோ!

பதிவேட்டை இவ்வாண்டு புதிதாக எழுதத் தொடங்கியுள்ளேன். கோடு இழுப்பதில்லை, கேட்டு எழுதுகிறேன். சென்ற வாரம் ஒரு வீட்டுத் திண்ணையில், எண்பதை நெருங்கிய பாட்டியிடம் "என்ன எழுதட்டும் அம்மா?" என்றேன். சற்று நேரம் யோசித்தார்.

"புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேனே சாமி, அதை எழுதலாமா?"

எழுதினேன்.