‘ஹௌ லாங்’ பாட்டில் பேசப்படுவோர் யார்?

இங்கிலாந்தில் ‘பப்’ எனப்படுவது வெறும் மதுக்கடை அன்று. வட்டாரத்தார் மாலையில் கூடிப் பேசும் பொது இடமுமாகும். அவ்விடங்களில் 1970களின் தொடக்கத்தில் வளர்ந்த இசையே ‘பப் ராக்’. பேரரங்குகளும் நீண்டு செல்லும் வாசிப்பும் ராக் இசையை ஆட்கொண்டிருந்த காலம் அது. அதற்கு மாறாக, 1971இல் இலண்டன் கெண்டிஷ் டவுனில் இருந்த ‘டாலி ஹோ’ என்னும் பப்பில் ‘எக்ஸ் ஓவர் ஈஸி’ என்ற அமெரிக்கக் குழுவினர் வாசிக்கலாயினர். சிறிய கூடம், எளிய கருவிகள், கைக்கெட்டும் தொலைவில் கேட்போர். பலரும் அவ்வழியே வந்தனர். ஆயினும் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஏறியோர் மிகச் சிலரே.

அச்சிலருள் ‘ஏஸ்’ என்னும் ஐவர் குழு ஒன்று. 1974இல் ஆங்கர் நிறுவனம் வெளியிட்ட ‘ஹௌ லாங்’ என்னும் இசைத்தட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 20ஆம் இடத்தை அடைந்தது. 1975இல் அமெரிக்காவில் 3ஆம் இடம் வரை உயர்ந்தது. பாட்டை இயற்றிப் பாடியவர் ஷெஃபீல்டில் பிறந்த பால் கேரக்.

‘எத்துணைக் காலம்’ என்பது தலைப்பின் பொருள். தன்னிடம் மறைத்து நடந்த ஒன்றை உணர்ந்த ஒருவர், சினத்தை அடக்கிக்கொண்டு வினவுகின்றார். கேட்போர் பெரும்பாலோர் இதனைக் காதலில் நேர்ந்த வஞ்சகம் என்றே கொண்டனர். உண்மை வேறு. குழுவில் தாழ்சுரக் கிட்டார் வாசித்த டெக்ஸ் கோமர், மற்றவர் அறியாமல் ‘சதர்லண்ட் பிரதர்ஸ் அண்ட் குயிவர்’ என்னும் வேறு குழுவோடு சேர்ந்து வாசித்து வந்தார். அதனை அறிந்தபோது எழுந்த பாட்டே இது.

கேட்டவர்கள் ஏன் மயங்கினர்? பாட்டில் பெயர் இல்லை, கிட்டார் இல்லை, குழு என்ற சொல்லும் இல்லை. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. கேரக் அந்நெறியை அறிந்தவர் அல்லர் எனினும், பெயர் மறைந்தவிடத்துக் கேட்பவர் தம் வாழ்வையே பெய்துகொள்வர் என்பது இங்கும் காணப்படுகின்றது. ஆதலின் அவர்கள் கொண்ட பொருளைத் தவறென்று ஒதுக்குதல் ஆகாது. பிறந்த சூழலையே பாட்டின் முழுப்பொருளாக வகுப்பில் சொல்லி முடித்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது மாணாக்கரின் காதை அடைப்பதாகும்.

எனினும் சூழலை அறிவதாலும் பயன் உண்டு. ஐவர் மட்டுமே உள்ள குழுவில், தாழ்சுரத்தை ஏந்துபவர் விலகினால் பாட்டின் அடித்தளமே சரியும். பப் மேடையில் கிடைத்த ஊதியமோ சிறிது. வேறிடம் நாடியவர்பால் முழுப்பழியும் சுமத்துதல் எளிதன்று. வினாவில் வசையினும் வருத்தம் மிகுந்து ஒலிப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

கோமர் ஏஸ் குழுவுக்கே திரும்பினார். இசைத்தட்டு சுழலத் தொடங்கியதும், கேரக்கின் குரலுக்கு முன்னே தாழ்சுரக் கிட்டாரே தனித்து எழுகின்றது. அதனை வாசித்தவர் அவரே.