சுண்ணாம்பு மணக்கும் சிற்றாலயங்கள்



கடலோரப் பாறையின்மீது ஒரு சின்னஞ்சிறு வெள்ளைக் கட்டடம். ஒரே ஒரு கதவு. கூரைக்கு மேலே சிறு வளைவு, அதில் தொங்கும் ஒரு மணி. பின்னால் நீலக் கடல். கிரேக்க நாட்டு ஓவியங்களிலும் நாட்காட்டிப் படங்களிலும் இந்தக் காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஈஸ்டர் திருநாளையொட்டி நடக்கும் ஓவியக் கண்காட்சிகளுக்கும் இந்தச் சிற்றாலயங்கள் பொருளாக அமைவதுண்டு. அரண்மனையும் இல்லாமல், பெரிய கோபுரமும் இல்லாமல், பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும் இந்தக் கட்டடத்தில் ஓவியர்கள் என்ன கண்டார்கள்? அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கிரேக்கர் இதனை ‘எக்சோக்ளிசி’ என்பர். ஊருக்கு வெளியே உள்ள ஆலயம் என்பது அதன் பொருள். ஊர் நடுவில் உள்ள பெரிய தேவாலயம் எல்லாருக்கும் பொது. சிற்றாலயங்களில் பலவற்றையோ ஒரு குடும்பமே கட்டியிருக்கும். புயலில் சிக்கிய கடலோடி, “கரை சேர்ந்தால் ஓர் ஆலயம் கட்டுகிறேன்” என்று நேர்ந்துகொள்வான். பிழைத்து வந்ததும் அந்தக் கடனைக் கல்லும் மண்ணும் கொண்டு தீர்ப்பான். மாலுமிகளின் காவலரான புனித நிக்கொலாசுக்குக் கடற்கரையிலும், எலியா தீர்க்கதரிசிக்கு மலையுச்சியிலும் ஆலயம் எழுப்புவது அவர்கள் வழக்கம். ஆகவே, ஆலயம் நிற்கும் இடத்தைப் பார்த்தே அது யாருக்கு உரியது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

உள்ளே போனால் ஆலிவ் எண்ணெய் விளக்கு ஒன்று எரியும். புனிதர்களின் படங்கள் இருக்கும். அவற்றின் அருகே கண், கால், குழந்தை, கப்பல் என உருவம் பொறித்த மெல்லிய தகடுகள் தொங்கும். கண் நோய் தீர்ந்தவர் கண் உருவத்தைச் சாத்துவார். நம் கோயில்களில் கண்மலர் சாத்தும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பழைய ஆலயங்கள் சிலவற்றில் சுவர் முழுவதும் சித்திரம் இருக்கும். கிரீட் தீவில், கிரிட்சா என்னும் ஊருக்கு அருகே உள்ள பனகியா கேரா ஆலயம் அத்தகையது. 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சித்திரங்களை அங்கே இன்றும் காணலாம். சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தைத் தீட்டினால், சாந்து இறுகும்போது வண்ணமும் சுவரோடு ஒன்றிவிடும். இத்தனை காலம் அழியாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

இனி, ஈஸ்டருக்கு வருவோம். கிரேக்கர்கள் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஈஸ்டர் நாளைக் கணிப்பது பழைய ஜூலியன் நாட்காட்டியின்படி. ஆதலால் 2024இல் மற்றவர்கள் மார்ச் 31ஆம் நாள் கொண்டாட, கிரேக்கர்கள் மே 5ஆம் நாள் கொண்டாடினர். 2025இல் இரண்டும் ஏப்ரல் 20ஆம் நாளிலேயே வந்தன.

திருநாளுக்கு முன்னே வீடுகளுக்கும் சிற்றாலயங்களுக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். பெரிய வியாழனன்று முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். பெரிய வெள்ளியன்று இயேசுவின் திருவுடல் வைத்த பாடையை மலர்களால் அலங்கரித்து ஊர்வலம் கொண்டுபோவார்கள். சனிக்கிழமை நள்ளிரவில் ஊர்த் தேவாலயத்தின் விளக்குகள் எல்லாம் அணைக்கப்படும். குருவானவர் ஒரு சுடருடன் வெளியே வருவார். அந்த ஒரு சுடரிலிருந்து ஒவ்வொருவர் மெழுகுவர்த்தியும் ஏற்றப்படும். அதை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், வாசல் நிலையின்மேல் அதன் புகையால் சிலுவைக் குறி இடுவார்கள். சிற்றாலயங்களுக்கும் முறை வரும். ஈஸ்டரை அடுத்த வெள்ளிக்கிழமை, ‘உயிர்தரும் ஊற்று’ என்று மாதாவைப் போற்றும் நாள். அந்தப் பெயரில் அமைந்த ஆலயங்களில் அன்று திருவிழா.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு சொல். சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. ஆண்டுதோறும் ஒரு பூச்சு, அதன்மேல் இன்னொரு பூச்சு என்று ஏற ஏற, சுவரின் கூரிய விளிம்புகள் மழுங்கி உருண்டுவிடுகின்றன. ஓவியர்கள் வியந்து வரையும் அந்த மென்மையான வளைவுகளில் பாதி, கட்டிய கொத்தனின் வேலை. மீதி, தலைமுறை தலைமுறையாகப் பூசி வந்த குடும்பங்களின் வேலை.

அரிஸ் கொன்ஸ்தந்தினீதிஸ் என்னும் கிரேக்கக் கட்டடக் கலைஞர் இதன் அருமையை உணர்ந்தவர். மிக்கோனோஸ் தீவின் சிற்றாலயங்களைப் பற்றி 1953இல் ஒரு நூலே வெளியிட்டார். பெயர் தெரியாத சாதாரண மக்கள் கட்டியவற்றிலிருந்து படித்தவர்களும் பாடம் கற்கலாம் என்பது அவர் கொள்கை.

ஆனால், பூசும் கைகள் ஊரில் இருக்க வேண்டுமே! இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிழைப்புத் தேடி மலையூர்களையும் தீவுகளையும் விட்டுப் பலர் வெளியேறினர். சிலர் ஏதென்சுக்குப் போயினர். பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினர். 1960இல் மேற்கு ஜெர்மனியோடு செய்த ஆள்சேர்ப்பு ஒப்பந்தத்தின் பேரில் ஆயிரமாயிரம் பேர் அங்குள்ள தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். ஊரில் எஞ்சியவர்கள் முதியோரே. பூச்சு நின்றால் சுவர் வெடிக்கும், மழைநீர் இறங்கும், உள்ளே இருக்கும் சித்திரமும் உதிரும். தோட்டத் துண்டாடலையும் இடப்பெயர்வையும் கண்ட நமக்கு, ஆள் இல்லாத கோயில் என்ன ஆகும் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆயினும், ஈஸ்டருக்கு ஊர் திரும்பும் வழக்கம் கிரேக்கரிடம் இன்றும் உள்ளது. நகரத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் திருநாளுக்கு வருகிறார்கள். தாத்தா பிடித்த மட்டையைப் பேரன் பிடிக்கிறான். கண்காட்சியில் தொங்கும் படம் ஆலயத்தின் அழகை ஊரறியச் சொல்லும். சுவருக்குப் பூச்சு தராது. அதற்கு உரியவர்கள் வந்தே ஆக வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளைகளை ஒரு வெள்ளைச் சுவரின் முன் உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளைச் சுவரை எப்படி வரைவது என்று திகைப்பார்கள். காலை வெயிலில் அதில் மஞ்சள் சாயலும், நிழலில் நீலச் சாயலும் இருப்பதைக் காட்டுங்கள். வரைந்து முடித்ததும், அந்தச் சுவருக்குக் கடைசியாகச் சுண்ணாம்பு அடித்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பெயரையும் படத்தின் கீழே எழுதட்டும்.