கிடைத்தாலும் செல்லாது

செஞ்சிக்கு வரும் வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் இங்கே இரவு தங்குவதில்லை. புதுச்சேரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ காலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் ராஜகிரியில் ஏறி, கல்யாண மகாலையும் தானியக் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டுப் பொழுது சாயுமுன் திரும்பிவிடுகிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான். முதுகுப்பையில் தண்ணீர், தொப்பி, கேமரா, உள்ளறையில் பாஸ்போர்ட். மலைப்படிகளில் குரங்குகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. தின்பண்டம் இருக்கும் பைக்கும் இல்லாத பைக்கும் அவை வித்தியாசம் பார்ப்பதில்லை. பஸ்ஸில் மறந்துவைப்பவர்களும் கூட்டத்தில் பறிகொடுப்பவர்களும் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். தொலைக்கும் விதம் அதிகம் மாறவில்லை. தொலைத்தபின் நடப்பதுதான் அடியோடு மாறியிருக்கிறது.

1985ஐ எடுத்துக்கொள்வோம். செஞ்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகர் கடலூர். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். ரயில் கிடையாது. (இன்றும் கிடையாது. திண்டிவனம்–திருவண்ணாமலை பாதைக்கு 2006இல் அடிக்கல் நாட்டினார்கள். ஊர் இன்னும் காத்திருக்கிறது.) பையைக் காணோம் என்று கோட்டையிலிருந்து இறங்கி வந்தவர் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, பாஸ்போர்ட் எண் என்ன என்பது. எண்ணோ தொலைந்துபோன அந்தப் புத்தகத்தில் இருந்தது. நகல் எடுத்துத் தனியே வைத்திருக்கும் முன்யோசனை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆனால் அதே எண் இன்னோர் இடத்திலும் இருந்தது, முந்தின இரவு தங்கிய லாட்ஜின் பேரேட்டில். வெளிநாட்டவர் தங்கினால் ‘சி’ படிவம் நிரப்பி அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது பழைய விதி. பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், விசா விவரம், எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார் என்று எல்லாவற்றையும் வரவேற்பு மேசைக்காரர் கையால் எழுதியிருப்பார். அறைக்குள் போகும் அவசரத்தில் தொல்லையாகத் தெரிந்த அந்தத் தாள், மறுநாள் அவருக்கு இருந்த ஒரே ஆதாரமாகிவிடும். லாட்ஜுக்கு டிரங்க் கால் போட்டு, மேலாளர் பேரேட்டைப் புரட்டி ஒவ்வோர் எண்ணாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு, புகார் ரசீதோடு மெட்ராஸ். ஏறத்தாழ 160 கிலோமீட்டர் பஸ் பயணம். அமெரிக்கர் என்றால் ஜெமினி சந்திப்பில் இருந்த துணைத் தூதரகம். பிரெஞ்சுக்காரர் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். எழுபது கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியிலேயே பிரான்சின் துணைத் தூதரகம் உண்டு. இவர் இன்னார்தான் என்பதைத் தூதரகம் சொந்த நாட்டில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்டுடியோவில் புகைப்படம், தந்தி ஆபீஸில் வீட்டுக்குப் பணம் கேட்டு ஒரு தந்தி. மாற்றுப் பயண ஆவணம் கைக்கு வந்தாலும் விசா பழைய புத்தகத்தோடு போயிருக்கும். ஆகவே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் நாட்டை விட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டும். மேசைக்கு மேசை ஒருவர் சொல்லி இன்னொருவர் முத்திரை குத்தும் வேலை. இதற்குள் விமானச் சீட்டு காலாவதியாகியிருக்கும்.

இன்று அந்த வரிசை ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. தொலைந்த ஆவணங்களுக்கென்று தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே அறிக்கை பதிவு செய்துகொள்ளலாம். அது பதிவுக்குத்தானே தவிர, யாரும் தேடப் போவதில்லை. திருட்டு என்றால் இப்போதும் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தாக வேண்டும். லாட்ஜுகள் ‘சி’ படிவத்தை இணையத்தில் ஏற்றுகின்றன. 2014 நவம்பரில் தொடங்கிய மின்விசா மின்னஞ்சலில் கிடக்கிறது. வேண்டுமென்றால் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டவர் பதிவு அலுவலக வேலைகளை இணையத்துக்குக் கொண்டுபோய் 2018இல் வந்த இ-எஃப்ஆர்ஆர்ஓ முறையால் வெளியேறும் அனுமதிக்கும் இருந்த இடத்திலிருந்தே விண்ணப்பிக்க முடிகிறது. வாரக்கணக்கு நாள்கணக்காகச் சுருங்கிவிட்டது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கி, அவற்றின் இடத்தில் 2025 செப்டம்பரில் ஒரே சட்டம் நடைமுறைக்கு வந்தது.

வேகம் கூடியதில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தப் பழைய மந்தகதிக்குள் ஒரு வசதி ஒளிந்திருந்தது. பாஸ்போர்ட் திரும்பிவர அவகாசம் இருந்தது. பஸ் டெப்போவில் கண்டக்டர் ஒப்படைத்திருப்பார். பணத்தை எடுத்துக்கொண்டு புத்தகத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிடும் ஈரநெஞ்சுத் திருடர்களும் உண்டு. மூன்றாம் நாள் கிடைத்துவிட்டால், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதே புத்தகத்தோடு விமானம் ஏறிவிடலாம். மீனம்பாக்கத்தில் அதைத் தடுக்க எந்தக் கணினியும் இல்லை.

இப்போது அது நடக்காது. தொலைந்ததாகச் சொந்த நாட்டுக்குத் தெரிவித்துவிட்டால் பாஸ்போர்ட் ரத்தாகிவிடுகிறது. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் பாஸ்போர்ட்டுகள் அதன்பின் கிடைத்தாலும் செல்லாது. தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களுக்கென்று இன்டர்போல் 2002இல் ஒரு தரவுத்தளம் தொடங்கியது. பத்து நாடுகள் தந்த சில ஆயிரம் பதிவுகளோடு தொடங்கியது இன்று பத்துக் கோடிப் பதிவுகளைத் தாண்டி நிற்கிறது. 2014 மார்ச்சில் காணாமல்போன மலேசிய விமானம் எம்எச் 370இல் இருவர் ஏறியது தாய்லாந்தில் திருடுபோன ஆஸ்திரிய, இத்தாலியப் பாஸ்போர்ட்டுகளோடு. இரண்டும் அந்தத் தரவுத்தளத்தில் இருந்தன; யாரும் பார்க்கவில்லை. விமானம் காணாமல்போனதற்கும் அவர்களுக்கும் தொடர்பு இருந்ததாகத் தெரியவரவில்லை. இருந்தாலும் அதற்குப் பிறகு சோதனை இறுகிவிட்டது. அவசரப்பட்டு ‘தொலைந்தது’ என்று பதிந்துவிட்டு, மாலையில் காரின் இருக்கைக்கு அடியில் புத்தகத்தைக் கண்டெடுக்கிறவருக்கு, கையில் இருப்பது வெறும் அட்டை.

அடையாளத்தை நிரூபிக்கும் கவலையே இல்லாத காலத்தையும் இந்தக் கோட்டை பார்த்திருக்கிறது. 1689இல் மராட்டிய அரசர் ராஜாராம் முகலாயப் படையிடம் அகப்படாமல் மாறுவேடத்தில் தெற்கே வந்து சேர்ந்தது இங்கேதான். தான் யாரென்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்ததே அவருக்குப் பாதுகாப்பு.

செஞ்சிக்கு வரும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுகளில் சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் இருக்கும். புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களும் அவர்களது வாரிசுகளும் வைத்திருப்பவை அவை. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து கோட்டை பார்க்கப் போய்த் தொலைத்துவிட்டால், இவர்களுக்குச் சோறும் படுக்கையும் தடையில்லாமல் கிடைக்கும். மற்றவர்கள் பாடுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டம் இன்று ஃபோனில் குவிந்திருக்கிறது. பாஸ்போர்ட்டின் படம், விசா, பயணச் சீட்டு, பணம், வீட்டு எண் எல்லாம் அதிலேயே. பையோடு அதுவும் போய்விட்டால், 1985இல் வந்தவரைவிட இன்றைய பயணி ஒரு படி கீழே நிற்கிறார். முன்னவர் வீட்டு எண்ணையும் பயணக் காசோலை எண்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். மஞ்சள் பலகை மாட்டிய எஸ்டிடி பூத்துகள் தெருவுக்குத் தெரு வந்து, பிறகு காணாமலும் போய்விட்டன. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. தொலைந்த ஃபோனை முடக்க சஞ்சார் சாத்தி தளம் இருக்கிறது. அது புகார் நகலையும், இன்னோர் எண்ணுக்கு வரும் ஓடிபியையும் கேட்கும். அந்த இன்னோர் எண்ணுக்கான சிம் வாங்கப் போனால் கடைக்காரர் பாஸ்போர்ட் கேட்பார்.

நம் ஆட்கள் வெளிநாட்டில் தொலைத்தால் நிலைமை இதன் மறுபக்கம். இந்தியத் தூதரகம் தரும் அவசரச் சான்றிதழை வளைகுடா போய்வந்தவர்கள் அவுட் பாஸ் என்பார்கள். ஊர் திரும்ப ஒரே ஒரு பயணத்துக்கு அது செல்லும். ஊரில் தொலைத்தவர் முன்பு மெட்ராஸ் அலுவலகத்தில் காத்துக்கிடந்தார். இப்போது புதுச்சேரி பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே விண்ணப்பிக்கலாம். 36 பக்கப் புத்தகத்துக்கு வழக்கமான கட்டணம் 1,500 ரூபாய். தொலைத்தவருக்கு 3,000, தட்கல் என்றால் 5,000. சிப் வைத்த இ-பாஸ்போர்ட் 2025 மார்ச்சிலிருந்து சென்னை மண்டலத்தில் தரப்படுகிறது. போலி செய்வதை அது கடினமாக்கும். தொலைத்தவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் யுனெஸ்கோ பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே. இனி வருகிறவர்கள் கூடுவார்கள், தொலைப்பவர்களும் கூடுவார்கள். டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் காவல் நிலையத்துக்கு வழி, தூதரகங்களின் எண்கள், வெளியேறும் அனுமதிக்கான முகவரி ஆகியவற்றை எழுதி ஒரு பலகை நட்டுவைக்கலாம். அதைப் படிக்க ஃபோன் தேவைப்படாது.