வலை இல்லாத வீட்டையும் எண்ணுங்கள்

ஊரில் பாதி வீடுகளுக்கு மருந்து தோய்த்த கொசுவலை கொடுக்கிறார்கள். வலை வாங்கிய வீட்டுக் குழந்தைக்கும், வாங்காத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் மலேரியா ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. அப்படியென்றால் வலையால் என்ன பயன்? 2023இல் உலக சுகாதார நிறுவனம் ஆர்21 என்ற மலேரியாத் தடுப்பூசியைப் பரிந்துரைத்த பிறகு, ஊசியே வந்துவிட்டது, வலை எதற்கு என்றும் கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். வீட்டை வீட்டோடு வைத்து எண்ணியதில்தான் பிழை.

நோயாளியைக் கடித்த அனாபிலஸ் கொசு மறுநாளே நோயைப் பரப்பிவிட முடியாது. இரத்தத்தோடு உள்ளே போன ஒட்டுண்ணி குடல் சுவரில் ஒட்டி வளர்ந்து, ஆயிரக்கணக்கில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரப் பத்து நாளாவது பிடிக்கும். மாவு புளிப்பது போலத்தான்: வெக்கையில் சீக்கிரம், குளிரில் தாமதம், குளிர் மிகுந்தால் புளிக்கவே புளிக்காது. புளிக்கும்வரை பானை உடையாமல், அதாவது கொசு சாகாமல், இருக்க வேண்டும். இந்தப் பானையோ நாளொன்றுக்குப் பத்தில் ஒன்று உடைகிற ரகம் என்று வைத்துக்கொள்வோம். நூறு பானையில் பத்தாம் நாள் மிஞ்சுவது 35. வலையின் மருந்து பட்டு, உடைவது பத்தில் இரண்டானால் மிஞ்சுவது 11தான். சாவு இரண்டு மடங்கானதற்கே ஆபத்தான கொசு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது! 1897இல் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டார்; 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்டு இந்தக் கணக்கை விரித்துக் காட்டினார். வரலாறு இவ்வளவு போதும். நமக்கு முக்கியம், இந்த வீட்டு வலையில் செத்த கொசு, அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்திருக்கக்கூடிய கொசு என்பதே.

மேற்குக் கென்யாவின் ஆசெம்போ பகுதியில் இதைச் சோதித்தார்கள். எந்த ஊருக்கு முதலில் வலை, எதற்குப் பிறகு என்று குலுக்கலில் முடிவு செய்தார்கள். வலை பெற்ற ஊர்களிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்த வலையற்ற வீடுகளுக்கும் ஏறக்குறைய அதே பாதுகாப்பு கிடைத்திருந்தது என்று 2003இல் வெளியான முடிவுகள் காட்டின. அண்டை வீடுகளை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இவ்வளவு பெரிய பலனும் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். அந்த ஆண்டு மழை குறைந்ததால் மலேரியா குறைந்திருக்கலாமே என்பார்கள். முன்னே இவ்வளவு, பின்னே இவ்வளவு என்று காட்டும் அறிக்கைகளுக்கு அந்த ஆட்சேபம் பொருந்தும். குலுக்கலில் பிரிந்த ஊர்கள் நனைவதும் காய்வதும் ஒரே வானத்தின் கீழ்தான். வலையில் தோய்க்கும் பைரித்ராய்டு மருந்துக்குக் கொசு பழகிவிட்டதே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம், உண்மையும்கூட. அதற்கும் ஊர்வாரிச் சோதனையே விடை தந்தது. தான்சானியாவின் மிசுங்வியில் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பழைய வகை வலை கொடுத்த ஊர்களில் சுமார் 46 சதவீதக் குழந்தைகளிடம் ஒட்டுண்ணி இருந்தது. குளோர்ஃபெனாபிர் மருந்தும் சேர்த்த வலை கொடுத்த ஊர்களில் அது சுமார் 26.

ஆர்21க்குச் சொல்லப்படும் 75 சதவீதம், பெரும்பாலும் மழைக்காலத்தில் மலேரியா பரவும் இடங்களில், ஓராண்டில், ஊசி போட்ட குழந்தையைப் போடாத குழந்தையோடு ஒப்பிட்டுக் கிடைத்தது. ஊசி போட்ட குழந்தைக்கு அது பெரிய காப்பு; மனமார வரவேற்க வேண்டியது. ஆனால் ஊசி போடாத குழந்தைக்கு என்ன குறைந்தது என்று அறியும்படி அந்தச் சோதனை அமைக்கப்படவில்லை. அந்த 75ஐக் காட்டி வலைக்கான பணத்தைக் குறைக்க நினைப்பவர்கள், ஊர்வாரிக் கணக்கை முதலில் காட்டட்டும்.