பேச்சில்லாத திறனுக்கு அளவுகோல் எது?

புது தில்லி: 'ரெட்' எனும் அரிய நரம்பு வளர்ச்சிக் குறைபாடு பெரும்பாலும் பெண் குழந்தைகளையே தாக்குகிறது. கற்ற சொற்களும் கைகளின் பயன்பாடும் நழுவியபின், பலருக்கு எஞ்சுவது பார்வை மட்டுமே. வாய்மொழி விடையோ, விரலால் சுட்டுவதோ கோரும் சோதனைகளில் இவர்களது புரிதல் பதிவாவதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பேச்சுக்குத் துணையான மாற்றுத் தகவல் பரிமாற்ற முறைகளைக் கல்வியில் ஊக்குவிக்குமாறு அரசுகளைப் பணிக்கிறது. ஆனால், சலுகைகளுக்கு அடிப்படையான 40 சதவீதச் சான்றிதழ் குறையையே அளக்கிறது. வகுப்பறைக்குத் தேவை திறனின் அளவு.

ஏஞ்சல்மேன் குறைபாட்டுக்காக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஓர்கா' வினாத்தொகுப்பு, பேச்சல்லாத வெளிப்பாடுகளையும் பராமரிப்போரின் கவனிப்பு வழியே மதிப்பிடுகிறது. அத்தகைய அளவுகோலை இந்திய மொழிகளில் அரசு மருத்துவமனைகள் வரை கொண்டு செல்லாவிட்டால், சட்டம் தந்த உரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.